உப்புத்தாள் படாத துப்பாக்கி

1767 செப்டம்பர். மைசூரின் ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் கைகோத்துக்கொண்டு கீழ்நாட்டுச் சமவெளியில் இறங்கியிருந்தார்கள். செங்கத்தில் முதல் மோதல் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத்தலைவர் கர்னல் ஜோசப் ஸ்மித் அங்கே தாக்குப்பிடித்தாலும், சோற்றுக்கு வழியில்லாமல் திருவண்ணாமலைக்கு நகர்ந்தார். மாதக் கடைசியில், அண்ணாமலையார் மலை பார்த்திருக்க, பெரிய சண்டை மூண்டது. கம்பெனிச் சிப்பாய்களின் கையில் இருந்தது முக்கால் அங்குலத் துளை கொண்ட வழவழப்பான குழல் துப்பாக்கி. வாய் வழியே மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுட வேண்டும். கைதேர்ந்தவனுக்கே நிமிடத்துக்கு மூன்று வெடிதான். நூறு கெஜம் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது. நாலைந்து முறை வெடித்ததும் வெள்ளைப் புகை மூடி, எதிரி இருக்கும் திசையே மறைந்துபோகும்.

ஸ்மித் வென்றார். எதிரிகளின் பீரங்கிகள் பல அவர் வசமாயின. ஆனால் அந்தத் துப்பாக்கியின் மூன்று குறைகள், அதாவது மெதுவாகக் கெட்டிப்பது, குறி தப்புவது, புகை கக்குவது, அப்படியே நின்றன. சண்டை இல்லாத நாளில் சிப்பாய்க்கு இன்னொரு வேலை உண்டு. செங்கல் தூளைத் தொட்டுக் குழலைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளி போல் பளபளக்க வைக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க இரும்பு மெலியும். மூன்று குறைகளும் தீர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. தேய்க்கும் ஆசை மட்டும் அதற்குப் பிறகும் விடவில்லை.

முதல் விடை இந்தியா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. வில்லியம் மெட்ஃபோர்டு என்ற ஆங்கிலப் பொறியாளர் 1857-ல் கிழக்கிந்திய ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து பீகாரின் முங்கேருக்கு வந்தார். அவர் வந்த நேரம், கொழுப்புத் தடவிய தோட்டாவால் வடநாடே பற்றி எரிந்தது. அந்தத் தோட்டாவுக்கு உரிய துப்பாக்கி, லண்டனுக்கு அருகே என்ஃபீல்டில் இருந்த அரசு ஆலையின் வடிவம். ரயில் பாதை போட வந்தவர் ஊர்க்காவலை ஒழுங்கு செய்யும் வேலையில் மாட்டிக்கொண்டார். அலைச்சலும் காய்ச்சலும் சேர்ந்து ஓராண்டிலேயே உடல் உடைந்து கப்பலேறினார். ரயில்வே ஒரு பொறியாளரை இழந்தது. துப்பாக்கி உலகத்துக்கு அவர் முழுசாகக் கிடைத்தார்.

குண்டு நேராகப் போக வேண்டுமானால் சுழன்றுகொண்டே போக வேண்டும். அதற்காகக் குழலின் உட்சுவரில் சுழல் வரிகளை வெட்டுவது முன்பே இருந்த வழக்கம்தான். ஆழமான வரிகளில் கருமருந்தின் கரி அடைத்துக்கொள்ளும். சில வெடிகளுக்குள்ளேயே குறி கெட்டுவிடும். மெட்ஃபோர்டு எல்லாரும் போன பாதைக்கு எதிராகப் போனார். விரல் வைத்தாலும் தட்டுப்படாத அளவுக்கு மேலோட்டமான, முனை மழுங்கிய வரிகளை வெட்டி, கடினமான குண்டைப் பயன்படுத்தினார். முந்தைய வெடியின் கரியை அடுத்த குண்டே துடைத்துக்கொண்டு போனது. குறி தப்பும் குறை தீர்ந்தது. அந்த நுட்பத்துக்குள்ளேயே அதன் சாவும் ஒளிந்திருந்தது அன்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது விடை ஒரு சிறுவனின் தோற்றுப்போன விளையாட்டில் தொடங்கியது. ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்; கைக்குழந்தைப் பருவம் கடந்ததும் குடும்பம் கனடாவுக்குப் பெயர்ந்தது. பன்னிரண்டு வயதில், அப்பாவின் பழைய கைத்துப்பாக்கிக் குழலுக்குத் தானே மரக்கட்டை செதுக்கிப் பொருத்தி ஒரு துப்பாக்கி செய்தார். அது சரியாக வேலை செய்யவில்லை. பிழைப்புக்குக் கடிகாரத் தொழில் கற்று, அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறினார். உள்நாட்டுப் போர் வந்ததும் ஆயிரம் துப்பாக்கிக்கு ராணுவ ஒப்பந்தம் கிடைத்தது. கம்பெனி தொடங்கி, முதல் போட்டு, செய்தும் கொண்டுபோனார். குழலின் துளை அளவு ஒப்பந்தப்படி இல்லை என்று ராணுவம் கைவிரித்துவிட்டது.

கடன்பட்டும் லீ கைவிடவில்லை. பல குண்டுகளைக் குழலுக்கு அடியில் நீளக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதே அன்றைய பாணி. கடிகாரச் சுருள்வில்லோடு பழகிய கை வேறு விதமாக யோசித்தது. தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தகரப் பெட்டியில் அடுக்கி, அடியில் ஒரு வில்லை வைத்தால், மேலே ஒன்று போனதும் அடுத்தது தானே எழும்பி நிற்கும் அல்லவா? 1879-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்கக் கடற்படையும் சிறு ஆர்டர் கொடுத்தது. செய்துகொண்டிருந்த ஷார்ப்ஸ் கம்பெனியோ பாதியில் இழுத்து மூடப்பட்டது. ரெமிங்டன் கம்பெனி எடுத்துச் செய்தும் சொந்த நாட்டு ராணுவம் பெரிதாக வாங்கவில்லை. கடல் தாண்டி ஒரு நாடுதான் அந்தத் தகரப் பெட்டியை உற்றுப் பார்த்தது.

1880-கள் முழுக்க பிரிட்டன் துப்பாக்கிகளை வரிசையாக வைத்துச் சோதித்தது. கடைசியில் லீயின் பெட்டியையும், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டையும், மெட்ஃபோர்டின் குழலையும் சேர்த்து ஒரே துப்பாக்கியாக்கி, 1888 டிசம்பரில் ஏற்றது. முக்கால் அங்குலமாக இருந்த துளை, அதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆனால் பிரான்சு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே புகையில்லா மருந்தோடு களத்தில் நின்றது. பிரிட்டனின் புத்தம்புதுத் துப்பாக்கியோ, திருவண்ணாமலையில் கக்கிய அதே கருமருந்துப் புகையைக் கக்கியது. மூன்றாவது விடை வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம்.

அது 1889-ல் வந்தது. ஃபிரடெரிக் ஏபல், ஜேம்ஸ் டீவர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் பிசைந்து, வாசலீன் சேர்த்து, கயிறு போல் இழுத்தார்கள். குழலுக்கு வழுவழுப்பாக இருக்கட்டும் என்று சேர்த்த வாசலீன், மருந்து நாள்பட்டும் கெடாமல் நிலைக்க உதவியது யாரும் எதிர்பாராத லாபம். கார்டைட் என்று பெயர் சூட்டினார்கள். தன் கண்டுபிடிப்பைத்தான் நகல் எடுத்துவிட்டார்கள் என்று ஆல்ஃபிரட் நோபல் வழக்குப் போட்டு, பிரபுக்கள் சபை வரை போய், 1895-ல் தோற்றார். புகை போயிற்று. ஆனால் கார்டைட்டின் அனல் மெட்ஃபோர்டின் மெல்லிய வரிகளை அரித்துத் தின்றது. சில ஆயிரம் வெடிகளில் குழல் மறுபடியும் வழவழப்பாகிவிட்டது. மூன்று விடைகளில் மூன்றாவது, முதலாவதை அழித்தது.

என்ஃபீல்டு ஆலைதான் கைகொடுத்தது. ஏழு மெல்லிய வரிகளுக்குப் பதில் ஆழமான, முனை கூர்மையான ஐந்து வரிகள் வெட்டப்பட்டன. மெட்ஃபோர்டின் பெயர் போய் ஆலையின் பெயர் ஏறியது. 1895-ல் லீ-என்ஃபீல்டு பிறந்தது. பிறந்த குழந்தைக்கு அடுத்த கண்டம் தென்னாப்பிரிக்காவில் காத்திருந்தது. அங்கே நடந்த போரில் போயர் விவசாயிகள் ஐந்து தோட்டாவை ஒரே கிளிப்பில் அழுத்தி நிரப்பும் மௌசர் துப்பாக்கியோடு நின்றார்கள். பிரிட்டிஷ் வீரன் ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டிருந்தான். போதாக்குறைக்கு, அனுப்பிய துப்பாக்கிகளில் ஒரு தொகுதிக்குக் குறிக்காட்டியே கோணலாகப் பொருத்தியிருந்தது. 500 கெஜத்தில் குண்டு ஒன்றரை அடி வலப்பக்கம் போனது.

அடிபட்ட ராணுவம் திருத்தியது. குழலைக் குட்டையாக்கி, காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் ஒரே துப்பாக்கி என்று முடிவு செய்தது. கிளிப் வசதி சேர்ந்தது. 1907-ல் மூன்றாம் வடிவம் வந்தது. அப்போதும் வல்லுநர்கள் திட்டித் தீர்த்தார்கள். குழல் குட்டை, குறி போதாது, தோட்டாவும் பழசு என்றார்கள். ராணுவமே இதைத் தூக்கியெறிந்துவிட்டு வேறு துளை அளவில் புதுத் துப்பாக்கி கொண்டுவர ஏற்பாடு செய்தது. 1913-ல் மாதிரியும் தயார். இன்னும் கொஞ்ச காலம் அமைதி நீடித்திருந்தால் லீ-என்ஃபீல்டின் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1914 ஆகஸ்டில் போர் வெடித்தது.

போர் நடுவே துப்பாக்கியை மாற்ற முடியாது. திட்டு வாங்கிய பழசே களத்துக்குப் போனது. கண்ணுக்கு எதிரே போல்ட்டைத் தட்டி இழுக்கும் வாகு, பெட்டியில் பத்துத் தோட்டா; பழகிய வீரன் நிமிடத்தில் பதினைந்து குறி அடித்தான். கடிகாரக்காரரின் வில் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தது. லட்சக்கணக்கில் வேண்டும் என்றதும், 1916-ல் செலவு பிடிக்கும் உதிரிகளைக் கழற்றிவிட்டு வேகமாகச் செய்தார்கள். அப்படிச் சுருக்கியதற்கு அடையாளமாக, மாடல் எண்ணின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் குத்தப்பட்டது. அந்த நட்சத்திரம் ஹூக்ளிக் கரையிலும் குத்தப்படப்போவது.

கல்கத்தாவுக்கு வடக்கே ஈஷாப்பூரில், கம்பெனி காலத்து வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில், 1904-ல் துப்பாக்கி ஆலை எழுந்தது. அதே காலத்தில் நீலகிரியின் அருவங்காட்டில் கார்டைட் ஆலையும் தொடங்கியது. ஆக, குழல் வங்காளத்தில், மருந்து தமிழ்நாட்டு மலையில் என்று இந்தத் துப்பாக்கி பாதி நம் ஊர்க்காரனாயிற்று. இந்திய மரத்துக்கும் இந்திய வெயிலுக்கும் இங்கிலாந்து வரைபடம் ஒத்துவரவில்லை. சுடும் அதிர்ச்சியில் முன்கட்டை பிளந்தது. ஈஷாப்பூர்த் தொழிலாளர்கள் தோட்டாப் பெட்டிக்கு முன்னே, மரத்தின் குறுக்கே ஒரு திருகை ஓட்டி இறுக்கினார்கள். பிளவுக்குப் போட்ட அந்த ஒட்டு, பிற்காலத்தில் கடல் தாண்டிய ஊர்களிலும் இந்தியத் துப்பாக்கியை அடையாளம் காட்டும் மச்சமாகும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தது. நாடு விடுதலை பெற்றது. ஆலை நிற்கவில்லை, கழுத்து இரும்பில் குத்தும் மன்னரின் கிரீடம் போய் அசோகர் சிங்கம் வந்தது. 1962-ல் இமயத்தில் சீனப் படையின் தானியங்கிகளுக்கு எதிரே ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டை இழுத்துக்கொண்டிருந்த நம் வீரர்களின் நிலை, தலைமுறை மாற வேண்டும் என்பதைச் சுள்ளென்று உணர்த்தியது. ஈஷாப்பூர் கடைசி முயற்சியாக அதே உடலில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ற 2ஏ என்ற வடிவத்தைச் செய்தது. ராணுவம் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு மாறியது. பழையவை மூட்டை கட்டப்பட்டு மாநிலங்களின் காவல் நிலையங்களுக்குப் போயின. அங்கே அதற்குத் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர் நிலைத்தது.

திரீ நாட் திரீ. துளையின் அகலம் 0.303 அங்குலம் என்பதால் வந்த பெயர். கருவூல வாசலில், தேர்தல் பெட்டிக்குக் காவலில், என்.சி.சி. மாணவன் தோளில் என்று ஒரு தலைமுறையே தினமும் பார்த்து, பார்த்ததாக நினைவே வைக்காத துப்பாக்கி. 2008 நவம்பரில் மும்பை ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகளின் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளுக்கு எதிரே காவலர்கள் இதோடு நின்ற பிறகுதான், இது இன்னுமா பணியில் இருக்கிறது என்று நாடு கேட்டது. 2020 குடியரசு தின அணிவகுப்போடு உத்தரப்பிரதேசக் காவல்துறை இதற்கு விடைகொடுத்தது. இந்தியாவில் இது தடைசெய்யப்பட்ட துளை அளவு. சாதாரண ஆள் உரிமம் வாங்கி வைத்துக்கொள்ள வழியில்லை. அப்படியானால் இதற்கு விலை பேசுவது யார்?

அமெரிக்கர்கள். அங்கே ராணுவ உபரித் துப்பாக்கி இறக்குமதிக்கு 1968-ல் விழுந்த தடை 1980-களில் தளர்ந்ததும், உலகெங்கும் கிடங்குகளில் தூங்கிய துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. ஈஷாப்பூர்க் குடும்பமும் அதில் இருந்தது. கெட்டிக் கிரீஸ் அப்பி, அடிபட்டு, கீறல் விழுந்து வந்தவை, விலையும் மலிவு. வாங்கியவர்கள் உப்புத்தாளும் வார்னிஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கட்டையை அறுத்து வேட்டைத் துப்பாக்கியாக்கினார்கள். குழலைத் தேய்த்து நீலப் பூச்சு ஏற்றினார்கள். மலிவுச் சரக்குக்கு யார் கணக்குப் பார்ப்பது? ஆண்டுகள் போயின. கிடங்குகள் காலியாயின. தொடாமல் விட்டிருந்த துப்பாக்கிகளுக்குத் திடீரென்று மவுசு ஏறியது. பளபளப்பாக்கியவற்றைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்கினார்கள்.

ஏன் என்பதைத் தெரிந்துகொள்ளத் துப்பாக்கியின் கழுத்தைப் பார்த்தால் போதும். பின்கட்டை இரும்போடு சேரும் இடத்தில், வலப்பக்கம், ஒரு கிரீடம். அதன் கீழ் ஜி.ஆர்.ஐ. என்று பேரரசர் ஜார்ஜின் மூன்று எழுத்துகள். அடுத்து ஈஷாப்பூர், ஆண்டு, மாடல் எண், 1916-ன் அந்த நட்சத்திரம். ஆலைக்குத் திரும்பி முழுப் பழுது பார்க்கப்பட்டிருந்தால் அதற்கும் ஒரு முத்திரை. குழலில் உள்ள எண்ணே போல்ட்டிலும் இருந்தால், பிறந்த நாளிலிருந்து இரண்டும் பெரும்பாலும் பிரியவில்லை என்று கொள்ளலாம். மரத்தில் சோதனைக்காரரின் குட்டி முத்திரைகள் அதிக ஆழம் இருக்காது. முரட்டு உப்புத்தாள் நாலு இழுப்பு இழுத்தால் அவை தடமில்லாமல் போய்விடும். மரத்தோடு இரும்பும் ஒட்டிப் படிந்திருந்த விளிம்பு தாழ்ந்துபோவதால், எத்தனை வார்னிஷ் பூசினாலும் தேர்ந்த கண்ணுக்கு அது தெரிந்துவிடும்.

இதில் ஒரு விசித்திரமும் நடந்தது. ஈஷாப்பூரின் பிற்காலத் துப்பாக்கிகள் பலவற்றில் இரும்பின் மேல் கறுப்புப் பெயிண்ட் இருக்கும். யாரோ காவலர் அழகுக்கு அடித்தது என்று நினைத்து, அடியில் இருக்கும் 'அசல்' நிறத்தைத் தேடிச் சுரண்டியவர்கள் உண்டு. மழையும் வேர்வையும் துரு ஏற்றும் நாட்டுக்காக ஆலையே பூசிய பூச்சு அது. அசலைத் தேடி அசலையே உரித்தார்கள். 2ஏ வகையில் இப்படி உரித்துப் பளபளக்கச் செய்ததை, பெயிண்ட் உதிர்ந்த நிலையில் தொடாமல் விட்டதன் பக்கத்தில் வைத்தால், அழகில் முன்னதும் விலையில் பின்னதும் முந்தும்.

அதற்காகத் தொடுவதெல்லாம் குற்றமில்லை. ஆலையே பணிக்காலத்தில் செய்த பழுதுபார்ப்பு வரலாற்றின் ஒரு அத்தியாயம். அதற்கு விலை குறையாது. துரு இன்னும் தின்றுகொண்டிருந்தால் எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்து அதை நிறுத்தியாக வேண்டும். கிரீஸை எடுக்கலாம், காய்ந்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவலாம். எவரோ முன்பே அறுத்து நாசமாக்கிய துப்பாக்கியைச் செப்பனிடுவதால் இழக்க எதுவும் மிச்சமில்லை. திரும்பப் பெற முடியாத எதையும் நீக்காதவரை அது பராமரிப்பு. நீக்கிவிட்டால் அதற்குப் பெயர் அழிப்பு.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அருணாசலேசுவரர் கோயில் சுவர்க் கல்வெட்டுகளைப் பல ஆண்டு உழைத்துப் படித்து நூல்களாக்கியவர்கள் பிரெஞ்சு ஆய்வு நிறுவன அறிஞர்கள். சோழர் முதல் நாயக்கர் வரை ஊரின் வரலாறு தெரிவது அந்தச் சுவர் எழுத்துகளால்தான். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் அழுக்குப் போக்குகிறோம் என்று மணலை அழுத்தத்தோடு பீய்ச்சியபோது கல் வெளுத்தது, எழுத்து மழுங்கியது. எதிர்ப்புக் கிளம்பி, அறநிலையத்துறை அந்த முறைக்குத் தடை போட்ட பிறகும், போன எழுத்து திரும்பவில்லை. கல்லுக்கு நேர்ந்ததுதான் இரும்புக்கும் மரத்துக்கும் நேர்கிறது.

சென்னை எழும்பூரில் பழைய காவல் ஆணையர் அலுவலகம் 2021 முதல் காவல் அருங்காட்சியகமாக இருக்கிறது. மாவட்டந்தோறும் ஓய்வு பெறும் திரீ நாட் திரீகளில் ஒன்றிரண்டையாவது, காட்சிக்கு வைக்கும்முன் பெயிண்ட் அடிக்காமல், தேய்க்காமல், இருக்கிற கோலத்திலேயே பாதுகாக்கும் வாய்ப்பு தமிழ்நாட்டுக்கு இன்னும் இருக்கிறது. கடிகாரக்காரரின் தோல்வி, முங்கேர்க் காய்ச்சல், கார்டைட்டின் அனல், ஈஷாப்பூர் மரத்தின் பிளவு என எல்லாம் அதன் உடம்பில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பழைய ராணுவத் துப்பாக்கியைப் புதுசாக்கினால் மதிப்புக் குறையுமா என்ற கேள்விக்குச் சந்தை எப்போதோ பதில் சொல்லிவிட்டது: குறையும், போனது திரும்பவும் வராது.